அங்கீகரிக்கப்பட்ட பாரம்

கிள்ளானில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த சாத்தப்பனுக்கு ஒரே மகள். அந்த மகளுக்குப் பிடித்தது ஒரே மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளையின் அப்பா போட்டதும் ஒரே நிபந்தனைதான். எல்லாம் ஒன்றொன்றாக இருந்ததால் காரியம் சுலபமாக முடிந்துவிடும் என்று சாத்தப்பன் நம்பினார். எண்பத்து நான்காம் வருஷம் சித்திரை வரைக்கும் அவர் எந்த மன்றத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை. அதனால்தான் அப்படி நம்ப முடிந்தது.

மகள் கோமதி பள்ளிக்கூட ஆசிரியை. நாளெல்லாம் சத்தத்தில் நிற்கிறவள். பெண் பார்க்க வந்த மற்ற பையன்கள் எல்லாம் பேசினார்கள். ஒருவன் ஆஸ்திரேலியாவில் படித்ததைப் பற்றியே காப்பி ஆறும்வரை பேசினான். வங்கியில் வேலை பார்க்கும் தியாகராஜன் மட்டும் வந்தான், உட்கார்ந்தான், குடித்தான், "காப்பி நல்லாருக்கு" என்றான். அவ்வளவுதான். அவன் போன பிறகு கோமதி, "இவரு போதும்பா" என்றாள். மகள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியைச் சாத்தப்பன் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தக் கல்யாணம் எதனாலும் தட்டிப்போகக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டார்.

தியாகராஜனின் அப்பா அண்ணாமலை கறாரான மனிதர். தாலி ஏறும் வரைக்கும் யாரையும் சம்பந்தி என்று கூப்பிட மாட்டார்.

"நகை வேண்டாம் சாத்தப்பன், சாமான் வேண்டாம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒங்க டெய்ம்லர் வரணும். எங்கப்பா அதுலதான் வந்தாரு, நானும் அதுலதான் வந்தேன். எம் பையன் வேற வண்டில ஏறி வரமாட்டான்," என்றார்.

அந்த டெய்ம்லர் கார் சாத்தப்பனின் பெரியப்பா ஜப்பான்காரன் சண்டைக்கு வெகு முன்னால் வாங்கியது. ஒரு காலத்தில் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் செட்டியார் வீட்டு மாப்பிள்ளைகள் அதில் ஏறித்தான் மாப்பிள்ளை ஆனார்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. சாத்தப்பன் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை உசுப்பிவிட்டு, இரண்டு உறுமல் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். சாலை வரி மட்டும் எப்போதோ காலாவதியாகியிருந்தது.

வரி கட்டப் போன இடத்தில் கவுன்ட்டர் பெண் தன்மையாகத்தான் சொன்னாள். "இவ்ளோ பழைய காடிக்கு சாசி ரிப்போர்ட் வேணும் அங்கிள். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மன்றம் இருக்கு, அங்க போய் கேளுங்க லா."

சாசி என்பது வண்டியின் அடியில் கிடக்கிற இரும்புச் சட்டம். இஞ்சின், கூண்டு, மாப்பிள்ளை எல்லாவற்றையும் சுமப்பது அதுதான். அது உறுதியாக இருக்கிறதா என்று ஓர் ஆள் குனிந்து பார்த்தால் போதும் என்பது சாத்தப்பனின் எண்ணம்.

சிலாங்கூர் மூத்த வாகன அடிச்சட்ட மதிப்பீட்டு மன்றம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை பக்கத்துத் தையற்கடையின் சன்னலையும் மறைத்துக்கொண்டு ஓடியது. உள்ளே நான்கு சுவரிலும் தலைவர் கார்த்திகேசுவின் படங்கள். தலைவர் மாலையோடு, தலைவர் பொன்னாடையோடு, தலைவர் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி. அறையின் நடுவே சிவப்பு வெல்வெட் போட்ட தேக்கு நாற்காலி ஒன்று. அதில் தலைவரே இருந்தார்.

"வண்டி எங்க நிக்குது?" என்று கேட்கப் போகிறார் என்று சாத்தப்பன் காத்திருந்தார். தலைவர் கேட்கவில்லை. எழுந்தார், மைக்கைத் தட்டினார், அறையில் இருந்த மூன்று பேருக்கும் உரையாற்றினார்.

"அன்பர்களே, பதினெட்டு ஆண்டுகளாக இந்த மன்றத்தின் தலைமைப் பொறுப்பை நான் விரும்பாமல் சுமந்து வருகிறேன். இந்தக் காலத்தில் நாம் மதிப்பிட்ட ஒரு வண்டியாவது விபத்தில் சிக்கியதுண்டா? கிடையாது. ஏன்? நாம் மதிப்பிட்ட எந்த வண்டியும் இன்றுவரை சாலைக்குத் திரும்பியதில்லை. பாதுகாப்பு என்றால் இதுதான் பாதுகாப்பு."

மூன்று பேரும் கைதட்டினார்கள். சாத்தப்பனும் தட்டினார். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்பது அவருக்கு உறைத்தது.

செயலாளர் ராதாகிருஷ்ணன் அவரை ஓரமாக அழைத்துப் போனார். கடமை தவறாத மனிதர். சட்டைப்பையில் நான்கு நிறத்தில் பேனா வைத்திருந்தார்.

"மொதல்ல நீங்க ஆயுள் உறுப்பினர் ஆகணும் அண்ணே. குடும்பத்தோட. ஒங்க மிஸ்ஸஸ், மக, வரப்போற மருமகன் எல்லாரையும் சேர்த்திடுங்க. அப்புறம் முக்கியமான ரூல் ஒண்ணு. மதிப்பீடு முடியற வரைக்கும் உரிமையாளர் வண்டியத் தொடக் கூடாது."

"எம் வண்டியவா?"

"ஒங்க வண்டிய நீங்கதான் தொடக் கூடாது. வேற யார் வேணும்னாலும் தொடலாம்."

லோரியில் ஏற்றிக் கொண்டுவந்த டெய்ம்லருக்கு மதிப்பீட்டின் தொடக்க விழா, சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் இருந்த மன்றத்துக் கொட்டகையில் நடந்தது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஒரு ஜவுளிக்கடை முதலாளி சிறப்பு விருந்தினர். அவர் வரத் தாமதமானதால் வரவேற்புரை இரண்டு தடவை நடந்தது. பிறகு ரிப்பன் வெட்டி, கூண்டைச் சட்டத்திலிருந்து பிரித்தார்கள். சாசியைப் பார்க்க வேண்டுமென்றால் மேலே ஒன்றும் இருக்கக் கூடாதாம். கூண்டு மேரு என்ற ஊரில் இருந்த கூண்டுத் துணைக்குழுவுக்கு லோரி ஏறிப் போனது. தோல் இருக்கைகள் டெங்கிலில் தோட்டம் வைத்திருந்த இருக்கைத் துணைக்குழுத் தலைவரின் வீட்டுக்குப் போய், அங்கே கூடத்தில் இடம்பிடித்தன. நான்கு சக்கரம், இஞ்சின், ஸ்டியரிங், ஹேண்ட் பிரேக் இவற்றோடு மிச்சமிருந்த எலும்புக்கூட்டுக்குத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். சாத்தப்பன் தன் கைகள் தாமாகப் போய் அதைத் தொட்டுவிடாதபடி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதல் சோதனை நீளம். இங்கேதான் துணைத்தலைவர் வேலாயுதம் உள்ளே வந்தார். பதினெட்டு ஆண்டுகளாகத் துணைத்தலைவராகவே இருப்பவர். தலைவர் எதைச் சொன்னாலும் அதில் சூழ்ச்சி பார்ப்பவர். தலைவர் அணி பழைய டேப்பால் அளந்து நூற்று முப்பத்தெட்டு என்றது. வேலாயுதம் அணி புது டேப்பால் அளந்து முந்நூற்று ஐம்பது என்றது.

"இருநூத்துச் சொச்சம் எங்க போச்சு?" என்று வேலாயுதம் கொதித்தார். "இந்த மன்றத்துல பதினெட்டு வருஷமா இப்படித்தான் நடக்குது. யாரும் கேக்கல."

ஒரு டேப் அங்குலம், இன்னொன்று சென்டிமீட்டர் என்று சாத்தப்பன் சொல்ல வாயெடுத்தார். உரிமையாளர் கருத்துச் சொல்லக் கூடாது என்று ராதாகிருஷ்ணன் சைகை காட்டினார். விவாதம் சாயங்காலம்வரை நீண்டது. கடைசியில் இரு தரப்பும் பெருந்தன்மையோடு ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்தன. சாசியின் நீளம் இருநூற்று நாற்பத்து நான்கு என்று ஏகமனதாகத் தீர்மானமானது. இருநூற்று நாற்பத்து நான்கு என்ன என்பது பின்னர் அறிவிக்கப்படும்.

அடுத்தது நேர்மைச் சோதனை. நூல் பிடித்துப் பார்த்ததில், பின்பக்கச் சட்டம் அச்சுக்கு மேலே வளைந்து ஏறி இறங்குவது தெரிந்தது. அந்தக் காலத்து வண்டிகளை அப்படித்தான் செய்வார்கள். வளைவு இல்லையென்றால் அச்சு மேலும் கீழும் ஆட இடமிருக்காது. ஆனால் குழு முகத்தைச் சுளித்தது. கோணலான சாசிக்குச் சான்றிதழ் தருவதா என்று வேலாயுதம் கேட்டார். தலைவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சட்டத்தின் எதிரே போய் நின்றார். பின்னால் உயர்ந்து, முன்னால் தாழ்ந்து, தன்னைப் பார்த்து அது வணங்குவதுபோலத் தெரிந்தது.

"இது கோணல் அல்ல. பணிவு," என்றார் தலைவர். அது அப்படியே பதிவானது.

ஆணிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பது ஒரு முறை. மன்றம் அதையும் விடவில்லை. சுத்தியலுக்குப் பூச்சுற்றி, பதவி வரிசைப்படி ஒவ்வொருவராகத் தட்டினார்கள். ஜவுளிக்கடை முதலாளி தட்டிவிட்டு, "நல்ல சத்தமா இருக்கு" என்றார். ஒலிச் சோதனையின் முடிவு என்ற தலைப்பில் அந்த வாசகம் இன்றும் இருக்கிறது.

ஆடி பிறந்துவிட்டது. ஆவணியில் முகூர்த்தம். ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி உமையாள், "என்னங்க, வண்டி எப்ப வரும்?" என்பாள். சாத்தப்பன் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "பணிவா இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்பார். உமையாள் அதற்கு மேல் கேட்க மாட்டாள். கோமதி மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். மகளின் அந்த முகம்தான் அவரை மறுபடி மறுபடி பிரிக்பீல்ட்ஸுக்கு விரட்டியது.

கடைசியாகப் பாரச் சோதனை. மணல் மூட்டைகளை அடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. மூட்டைகள் வந்தும்விட்டன. தலைவருக்கு அது பிடிக்கவில்லை.

"மணல் எங்கேயும் கிடைக்கும். இந்தச் சாசி சரித்திரம் படைத்த சாசி. இதன்மேல் முதலில் ஏறும் பாரம் கௌரவமான பாரமாக இருக்க வேண்டாமா?"

தேக்கு நாற்காலியை மாடியிலிருந்து இறக்கிச் சட்டத்தின்மேல் கயிற்றால் கட்டினார்கள். தலைவர் ஏறி அமர்ந்தார். மாலை விழுந்தது. பாரம் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லாததால், ஒரு முழு உரை நேரம் என்று வைத்துக்கொண்டார்கள்.

"உட்கார்ந்தவர் யார், எதற்கு உட்கார்ந்தார், எப்போது இறங்குவார் என்று ஒரு கேள்வி கேட்காமல் சுமக்கிறதே, இதுவல்லவா உறுப்பினருக்கு இலக்கணம்," என்றார் தலைவர். சாசி அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களும்தான்.

சான்றிதழ் வந்தது. முதல் தரம். சாத்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப கூண்டை மாட்டிடலாமா?" என்று கேட்டார்.

ராதாகிருஷ்ணன் வருத்தப்பட்டார். "நாங்க மதிப்பீடு செஞ்சது வெறும் சாசி அண்ணே. மேல கூண்ட வச்சா அது வேற சாசி ஆயிடும். சர்டிபிகேட் செல்லாது."

"கூண்டோட மதிப்பீடு செஞ்சிருக்கலாமே?"

"கூண்டு இருந்தா சாசி தெரியாதே லா."

"அப்ப இதுமேல எதத்தான் வைக்கலாம்?"

ராதாகிருஷ்ணன் சான்றிதழின் கடைசி வரியைக் காட்டினார். அங்கீகரிக்கப்பட்ட பாரம்: பதவியில் உள்ள தலைவர், நாற்காலியுடன். சோதித்தது அதைத்தானே. சாலை வரிச் சீட்டும் அந்த விவரப்படியே தருவார்களாம். இஞ்சினைக் கிளப்பக் கூடாது, அதிர்வு சோதிக்கப்படவில்லை. வடம் கட்டி இழுக்கலாம்.

விஷயம் கேள்விப்பட்டு அண்ணாமலை கொட்டகைக்கே வந்துவிட்டார். நான்கு சக்கரத்தின்மேல் கிடந்த சட்டத்தைச் சுற்றிவந்து பார்த்தார். நிச்சயம் முறிந்தது என்றே சாத்தப்பன் நினைத்தார்.

"இதுதான் அந்த வண்டியா?"

"உள்ள இருந்தது இதுதான்."

அண்ணாமலை இன்னொரு தடவை சுற்றிவந்தார். "வண்டி வண்டிதான். எம் பையன் இதுலதான் வருவான். நடந்து வரமாட்டான், வேற வண்டிலயும் வரமாட்டான். அவன் வரலன்னா நாங்க யாரும் வரல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகவே சாத்தப்பன் மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எழுந்து நிற்கிறார்.

"மாப்பிள்ளை ஒக்கார்ற நேரத்துக்கு மட்டும் தலைவர் கொஞ்சம் பதவிய விட்டுக்குடுத்தா..."

கார்த்திகேசுவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தன. "பதவி என்பது சட்டையா, கழற்றி ஆணியில் மாட்ட?" என்றார்.

"கழட்டுங்க. நான் போட்டுக்கறேன்," என்று வேலாயுதம் எழுந்தார்.

அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்து வயிற்றெரிச்சல் மொத்தமும் அந்த மாடியில் கொட்டியது. தேர்தல் வேண்டும் என்றார்கள். கை தூக்கியபோது இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. மறுபடி தூக்கினார்கள், மறுபடியும் சமம். கீழே சாப்பாட்டுக் கடை மூடுகிற நேரமாகிவிட்டது. யாருக்கும் வீட்டுக்குப் போகவும் மனமில்லை, விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. எங்கே இந்தச் சண்டையில் தன் காரியம் மறந்துபோகுமோ என்ற பயத்தில் சாத்தப்பன் மறுபடி வாயைத் திறந்தார்.

"எங்க மாப்பிள்ளையவே போட்டுடுங்களேன். அவரும் உறுப்பினர்தான். ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

இரண்டு அணியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பேசாத தலைவர். அவருக்கு வலதுபுறம் நின்று தான் பேசலாம் என்று கார்த்திகேசு நினைத்தார். இடதுபுறம் நின்று தான் பேசலாம் என்று வேலாயுதம் நினைத்தார். அங்கே இல்லாத தியாகராஜன் ஏகமனதாகத் தலைவரானான். சாத்தப்பன் படியிறங்கும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே வியந்தார். அந்த வியப்பு ஆவணி வரைக்கும் நீடித்தது.

முகூர்த்த நாள். சாசியை லோரியில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். லோரியை யாரும் மதிப்பீடு செய்யாததால் அது ஓடலாம். பிள்ளையார் கோயில் வாசலில் தியாகராஜன் பட்டு வேட்டியும் மாலையுமாக வெல்வெட் நாற்காலியில் ஏறி அமர்ந்தான். செயற்குழு வடம் பிடித்தது. ஓட்டுநர் அங்கீகரிக்கப்படாத பாரம் என்பதால், ராதாகிருஷ்ணன் பக்கத்தில் நடந்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரம் முழங்கியது. தெருவில் நின்றவர்கள் இதைக் கல்யாணம் என்று நினைப்பதா, கோயில் விசேஷம் என்று நினைப்பதா என்று தெரியாமல் பொதுவாகக் கும்பிட்டு வைத்தார்கள்.

கல்யாண மண்டபம் ஒரு சின்னச் சரிவின் அடியில் இருந்தது. சரிவு சோதிக்கப்படாததால் அதன் உச்சியிலேயே வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டார்கள். கீழே வாழைமரத் தோரணத்தருகே உமையாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை இறங்க வேண்டியதுதான் பாக்கி.

மாப்பிள்ளை இறங்கவில்லை.

தியாகராஜன் நாற்காலியின் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தான். முதுகை நிமிர்த்தினான். தொண்டையைச் செருமினான். யாரோ பழக்கதோஷத்தில் மைக்கை நீட்டினார்கள்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. நான் அதிகம் பேச விரும்பவில்லை," என்று தொடங்கினான்.

அந்த வாசகத்துக்குப் பிறகு என்ன வரும் என்று சாத்தப்பன் நான்கு மாதமாகக் கற்றிருந்தார்.

தியாகராஜன் தன் மேல் வைத்த நம்பிக்கைக்கு நன்றி சொன்னான். இந்தப் பொறுப்பைத் தான் விரும்பிக் கேட்கவில்லை என்றான். சாசியின் பணிவைப் பாராட்டினான். வங்கித் துறைக்கும் சாசிக்கும் உள்ள தொடர்பை விளக்கினான். கார்த்திகேசு வலதுபுறமும் வேலாயுதம் இடதுபுறமும் வாயைத் திறக்க வழியில்லாமல் நின்றார்கள். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. வேறு கற்பூரம் வைத்தார்கள், அதுவும் தீர்ந்தது. ஐயர் மண்டபத்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். அண்ணாமலை, "தம்பி, நேரமாவுது" என்றார். "இறுதியாக," என்றான் தியாகராஜன். இறுதியாக என்ற சொல்லுக்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும்.

அப்போது கோமதி வெளியே வந்தாள். கழுத்தில் மாலை, கையில் மருதாணி. மணப்பெண் அந்த நேரத்தில் வாசலுக்கு வரக் கூடாது. பெண்கள் தடுக்கப் பார்த்தார்கள். அவள் சரிவில் ஏறி நேராக அப்பாவிடம் வந்தாள்.

"அப்பா, அந்த ஹேண்ட் பிரேக்க எடுத்து விடுங்க."

"தொடக் கூடாதும்மா. உரிமையாளர்..."

"அப்பா, அது நம்ம வண்டி."

சாத்தப்பன் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். ராதாகிருஷ்ணன் பதறிக்கொண்டு ஏதோ விதி எண்ணைச் சொன்னார். சாத்தப்பனுக்குக் காது கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிடித்த அந்தப் பிடி அதே குளிர்ச்சியோடு கைக்குள் வந்து உட்கார்ந்தது. சித்திரைக்குப் பிறகு முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பிரேக்கை விடுவித்தார்.

டெய்ம்லர் நிதானமாக நகர்ந்தது. வடம் பிடித்தவர்கள் விலகிப் பக்கத்திலேயே ஓடினார்கள். "ஆகவே, இந்த நல்ல வேளையில்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் சரிவில் இறங்கினார். மைக்கின் கம்பி அறுந்தது. வண்டி கோலத்தின்மேல் ஏறி, ஆரத்தித் தட்டுக்கு ஒரு முழம் முன்னால் தானாக நின்றது.

பின்னாலேயே வந்த கோமதி மூச்சு வாங்க நின்று அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தலைவர் உள்ள வர வேண்டாம். காப்பி நல்லாருக்குன்னு சொன்னவரு இருந்தா வரச் சொல்லுங்க."

தியாகராஜன் வெல்வெட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகத்தில் ஏறியிருந்த ஏதோ ஒன்று மெல்ல இறங்கியது.

"ராஜினாமா பண்றேன்," என்று சொல்லிவிட்டுக் குதித்தான். உமையாள் சட்டென்று ஆரத்தி சுற்றினாள். மேளக்காரர்கள் உள்ளே ஓடினார்கள்.

நாற்காலி காலியாக இருந்தது. அதைக் கார்த்திகேசுவும் வேலாயுதமும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள். ஒருவர் வலதுபுறமாகவும் இன்னொருவர் இடதுபுறமாகவும் ஏறி, இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். தேக்கு நாற்காலியின் கால் மடக்கென்று முறிந்தது. முன்னாள் தலைவரும் துணைத்தலைவரும் கோலமாவில் கிடந்தார்கள். ராதாகிருஷ்ணன் நான்கு பேனாவில் எதை எடுப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

சாத்தப்பன் அவர்களைத் தாண்டி வண்டியிடம் ஓடினார். அண்ணாமலை அவருக்கு முன்பே அங்கே குனிந்திருந்தார். விரல் முட்டியால் சட்டத்தை ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல," என்றார். "உள்ள வாங்க சம்பந்தி, தாலி கட்டப் போறாங்க."